வரிக் கணக்கு எதற்கு 11 இடத்தில்? எங்கள் தொழில்நுட்பத் தலைமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்நுட்பத் தலைமைக் குழுவில் இருக்கும் ஐவருக்கும்,

போன திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். அடுத்த காலாண்டில் நமது பில்லிங் மென்பொருளில் 6 புதிய பக்கங்கள் வரப்போகின்றன. ஒவ்வொரு பக்கத்தின் குழுவும் தனக்கு வேண்டிய நிரலைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான நிரல் இருக்கும் 'காமன்' ஃபோல்டர், நம் நிரல் முழுவதையும் வைத்திருக்கும் ரெப்போவிலிருந்து மாதக் கடைசியில் நீக்கப்படும். அதில் இருப்பது வேண்டும் என்பவர்கள் அதற்குள் காப்பி எடுத்துக்கொள்ளலாம். காரணம் என்று ஒரே ஒரு வரி: "பொது நிரலால் வரும் ஆபத்துகளைத் தவிர்க்க."

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு கூட்டத்தில் சொன்னேன், ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். "குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையோ யாருடைய பெயரையோ இதில் போடவில்லை. பல பக்கங்கள் கொண்ட வெப் அப்ளிகேஷனில் வேலை பார்க்கும் யாருக்கும் இது தங்கள் ஆபீஸில் நடந்தது மாதிரியேதான் இருக்கும்.

என் பக்கத்துத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபோல்டரில் இருக்கும் காமன் ஃபைலைக் குப்பைத்தொட்டி ஆக்கியவர்களில் நானும் ஒருத்தி.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நாம் நான்கு பேர். விற்பனை, கொள்முதல், ஸ்டாக், லெட்ஜர் என்று நான்கு பக்கம். ஜேகுவெரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பும் (லைப்ரரி), பக்கத்துக்குள் நிரல் ஃபைலை இழுத்துவரும் ஸ்கிரிப்ட் டேகுகளும் வரிசையாகப் போட்டு எழுதினோம். எல்லாப் பக்கத்துக்கும் தேவைப்பட்ட நான்கு விஷயங்களை, அதாவது லாகின் சோதனை, தொகையை எழுதிக் காட்டுவது, தேதி, வரிக் கணக்கு ஆகியவற்றை, 'காமன்.ஜேஎஸ்' என்ற ஒரு ஃபைலில் வைத்தோம். 200 வரிகூட இருக்காது. அப்புறம் எங்கே வைப்பது என்று தெரியாத ஒவ்வொன்றும் அங்கே போய்ச் சேர்ந்தது. கொள்முதல் பக்கத்துக்கு மட்டும் வேண்டிய டிராப்டவுன், 2019 தீபாவளிக்குப் போட்ட சலுகை பாப்அப், "நீக்க வேண்டாம், எதற்கென்று தெரியவில்லை" என்ற குறிப்போடு ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு. அந்தக் குறிப்பு என் கையெழுத்துதான். 6,400 வரி வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அப்படி ஆனதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பல பக்கத் தளத்தில் ஒரு லிங்க்கைத் தட்டினால் பிரவுசர் கையில் இருப்பதையெல்லாம் கீழே போட்டுவிட்டு அடுத்த பக்கத்தை முதலிலிருந்து தொடங்குகிறது. பிரவுசருக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் வந்தாலும் 2015 வரை அந்த மொழிக்குள் மாட்யூல், அதாவது நிரலைத் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி, என்று ஒன்று கிடையாது. ஸ்கிரிப்ட் டேகில் வருவதெல்லாம் ஒரே பானைக்குள் விழும். எது முன்னால், எது பின்னால் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெக்வயர்ஜேஎஸ் மாதிரிக் கருவிகள் அந்தக் குறையை வெளியிலிருந்து ஒட்டுப்போட்டுச் சமாளித்தன. நாம் தொழில் கற்றது அந்தக் காலத்தில். அதனால் நம் தலையில் இரண்டு விஷயம் ஒன்றாக ஒட்டிப்போய்விட்டது: நிரலை ஒரே இடத்தில் எழுதுவது, அதை ஒரே ஃபைலாக எல்லாப் பக்கத்துக்கும் அனுப்புவது. இவை இரண்டும் வேறு வேறு வேலை. உங்கள் சுற்றறிக்கையிலும் இந்தக் குழப்பம் அப்படியே இருக்கிறது. அனுப்பும் முறையில் பட்ட அடிக்கு எழுதும் முறையைத் தண்டிக்கிறீர்கள்.

அந்த அடி என்ன என்பது இப்போது இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

2023 டிசம்பர். பில்லில் 125000.00 என்று வருவதை நம் ஊர் முறையில் 1,25,000.00 என்று கமா போட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நியாயமான ஆசை. விற்பனைக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு தம்பி காமன் ஃபைலைத் திறந்து, 'ஃபார்மேட் அமவுண்ட்' என்ற ஃபங்ஷனில் கமா இல்லாமல் எண்ணை எழுதும் டுஃபிக்ஸ்ட் இருந்த இடத்தில் இந்தியக் கமா போடும் டுலோக்கேல்ஸ்ட்ரிங்கை வைத்தான். ஒரே வரிதான். பில் அழகாக வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் ஆனது.

லெட்ஜர் பக்கமும் அதே ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் காட்டுவதற்கு இல்லை. அது தந்த எழுத்தை வாங்கி, பார்ஸ்ஃப்ளோட் போட்டு மறுபடி எண்ணாக்கி, கூட்டிக்கொண்டிருந்தது. பார்ஸ்ஃப்ளோட்டுக்குக் கமா தெரியாது. கமாவைப் பார்த்த இடத்தில் நின்றுவிடும். 1,25,000.00 அதற்கு வெறும் 1. 80,000 அதற்கு 80. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி லெட்ஜரைத் திறந்தால், லட்சக்கணக்கில் வர வேண்டிய பாக்கி சில நூறு ரூபாயாக நிற்கிறது. ரிலீஸுக்கு முன் சோதிக்கும் க்யூஏ குழு ஏன் பிடிக்கவில்லை? நம் டெஸ்ட் டேட்டாவில் இருந்த தொகைகள் 240, 500, 750. ஆயிரத்துக்குக் கீழே கமாவே வராதே!

எண்ணா எழுத்தா என்று வகையைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட் போட்டிருந்தால் தப்பித்திருப்போம் என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார். தப்பித்திருக்க மாட்டோம். மாற்றத்துக்கு முன்னாலும் அந்த ஃபங்ஷன் தந்தது ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்), பின்னாலும் ஸ்ட்ரிங்தான், பார்ஸ்ஃப்ளோட் கேட்பதும் ஸ்ட்ரிங்தான். குறை வேறு இடத்தில் இருந்தது. கண்ணுக்குக் காட்ட எழுதிய ஃபங்ஷனை ஒரு பக்கம் கணக்குப் போடப் பயன்படுத்தியது. அப்படிப் பயன்படுத்துகிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஃபைலுக்குப் பொறுப்பு என்று ஒரு ஆளும் கிடையாது. அதைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் இதில் ஏதாவது ஒன்றையாவது பேசுவோம் என்று நினைத்து வந்தேன். நீங்கள் எடுத்த முடிவு: காமன் ஃபைலை இனி யாரும் தொடக் கூடாது, மாற்றம் வேண்டுமென்றால் உங்கள் பக்கத்துக்குக் காப்பி எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அதற்குள் வேறு ரிலீஸ் வந்துவிட்டதால் நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

அதற்கு நாம் விலை கொடுத்தது 2025 செப்டம்பரில்.

செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வெளியானது. 12 சதவீதம், 28 சதவீதம் ஆகிய அடுக்குகள் பெரும்பாலும் ஒழிந்து பொருள்கள் 5-க்கும் 18-க்கும் நகர்கின்றன, சிலவற்றுக்குப் புதிதாக 40, செப்டம்பர் 22 முதல் அமல். கையில் 19 நாள். நெய், பாக்கெட் மிக்சர் 12-லிருந்து 5. சோப்பு, ஷாம்பு 18-லிருந்து 5. ஏசி, சிமென்ட் 28-லிருந்து 18. நமக்கு அதிர்ச்சி தந்தது சதவீதம் இல்லை. மறுநாள் காலையில் ரெப்போவில் தேடிப் பார்த்தபோது வரிக் கணக்குப் போடும் நிரல் 11 இடத்தில் இருந்ததுதான். இருப்பதே 14 பக்கம்!

11-உம் ஒன்றுபோல இருந்திருந்தால் தேடி மாற்றிவிடலாம். காப்பி எடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றும் தன் போக்கில் வளர்ந்திருந்தது. ஒன்றில் பெயர் 'டாக்ஸ்', இன்னொன்றில் 'ஜிஎஸ்டி அமவுண்ட்', ஒன்றில் வெறும் 'டி'. ஒன்று மொத்த வரியை ரவுண்ட் செய்துவிட்டு மத்திய, மாநிலப் பங்குகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று பிரித்துவிட்டு ஒவ்வொரு பாதியையும் ரவுண்ட் செய்கிறது. பைசாக் கணக்கில் லெட்ஜருக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஏன் இடித்துக்கொண்டே இருந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு வருடமாக ஆடிட்டர்களிடம் "ரவுண்டிங் வித்தியாசம் சார்" என்று சொல்லிச் சமாளித்தோம். பொய் சொல்லவில்லை; ஆனால் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது நாம்தான்.

ஒவ்வொரு குழுவும் தன் காப்பியைத் தானே திருத்தியது. 6 குழுக்கள் சரியாகச் செய்தன: பில் தேதியைப் பார், 22-க்கு முன்னால் என்றால் பழைய விகிதம், இல்லையென்றால் புதியது. 4 குழுக்கள் 12 என்று இருந்த இடத்தில் 5 என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிட்டன. ஒரு இடம் யார் கண்ணிலும் படவில்லை. கொட்டேஷன் பக்கத்தில் 0, 5, 12, 18, 28 என்று ஒரு பட்டியல் தனியாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. 40 என்று போட்டால் சிவப்புக் கோடு காட்டி ஏற்க மறுத்தது.

அந்த 4-இல் ஒன்று சரக்குத் திரும்பல் பக்கம். 22-ஆம் தேதிக்குப் பிறகு வாடிக்கையாளர் தொலைபேசிகளை எடுக்க ஆள் போதாமல் எங்களையும் உட்காரவைத்தீர்கள், ஞாபகம் இருக்கும். 24-ஆம் தேதி மதியம் எனக்கு வந்த அழைப்பு மதுரையிலிருந்து. காரச்சேவு, மிக்சர் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு மொத்த வியாபாரத்தின் கணக்குப்பிள்ளை. வயதானவர் குரல்.

"ஏம்மா, விக்கும்போது 12 வாங்குன மெஷினு, திருப்பிக் குடுக்கும்போது 5-தான் குடுப்பேங்குதே. இது என்னம்மா நியாயம்?"

திரையைப் பகிர்ந்து பார்த்தேன். செப்டம்பர் 18-ஆம் தேதி 8,400 ரூபாய்க்கு மிக்சர் போயிருக்கிறது. அன்றைய வரி 12 சதவீதம், 1,008 ரூபாய். பில் 9,408. முழுச் சரக்கும் திரும்பி வந்துவிட்டது. பழைய விற்பனைக்குக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் பழைய விகிதம்தான் வர வேண்டும். நம் பக்கம் 5 சதவீதம் போட்டு 8,820 என்று அடித்துக் கொடுத்திருக்கிறது. 588 ரூபாய் குறைகிறது. கடைக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறார், பின்னணியில் அவர் சத்தம் கேட்கிறது. "அண்ணாச்சி, அவுங்க பாத்துக்கிட்டிருக்காங்க, ஒரு நிமிஷம்" என்று இவர் அவரைச் சமாதானப்படுத்துகிறார். விற்பனைப் பக்கம் சரியாகப் போட்ட கணக்கை அதே மென்பொருளின் இன்னொரு பக்கம் தப்பாகப் போடுகிறது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? "ரெண்டு பக்கத்துக்கும் ஆளு வேற வேறயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதுக்கு நா என்னம்மா பண்ணுவேன்?"

உங்கள் சுற்றறிக்கைக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை என்னால் எழுத முடியாது.

சரியாகச் செய்த 6 குழுக்களும் முழுக்கத் தப்பிக்கவில்லை. அதே மாதிரி வியாபாரிகள் சிலர் அதிகாலை 4 மணிக்கே வேன் ஏற்றுகிறவர்கள். 22-ஆம் தேதி திங்கட்கிழமை. நவராத்திரி தொடங்கும் நாள் வேறு, சரக்கு அதிகம். அன்று காலை 5:30-க்கு முன்னால் போட்ட 37 பில்களில், மேலே தேதி 22 என்று இருக்கிறது, வரி மட்டும் பழைய விகிதம். ஏன்? விற்பனைப் பக்கத்தைப் புதிதாக எழுதியபோது விகிதம் தேடுவதற்கான தேதியை டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷனைப் போட்டு எடுத்திருக்கிறார்கள். அது தருவது நம் ஊர் நேரத்தை இல்லை, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை. நாம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம்; இங்கே திங்கள் காலை 4:15 என்றால் அங்கே ஞாயிறு இரவு 10:45. அந்த ஃபங்ஷனுக்கு இன்னும் 21-ஆம் தேதிதான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த பக் நமக்குப் புதிதில்லை. 2022-இலேயே ரிப்போர்ட் பக்கத்தில் இதைப் பார்த்து, காமன் ஃபைலில் இருந்த தேதி ஃபங்ஷனைத் திருத்தி, பக்கத்தில் "அதிகாலை பில்களைச் சோதிக்கவும்" என்று குறிப்பும் எழுதியிருந்தோம். ஆனால் காமன் ஃபைலைத் தொடக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டதால், புதிதாக வந்தவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தாங்களே ஒன்று எழுதிக்கொண்டார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அந்த ஃபைலுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

இன்னும் இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து இருக்கிறதா, முதல் இரண்டும் எண்ணா என்று மட்டும் பார்க்கிறோம். கொள்முதல் பக்கத்தில் கடைசி எழுத்தைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறோம். ஒரு எழுத்து மாற்றித் தட்டிய எண் முதல் பக்கத்தில் பச்சை டிக் வாங்கிக்கொண்டு உள்ளே போய், இரண்டாவதில் மாட்டுகிறது. இதை விரிக்கவில்லை, சப்போர்ட் டிக்கெட்டுகளில் இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் சொல்லும் வாதங்களுக்கு வருகிறேன். சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

"ஒரு குழு இன்னொரு குழுவுக்காகக் காத்திருக்கக் கூடாது" என்கிறீர்கள். உண்மை. காமன் ஃபைலில் ஒரு கமா மாற்ற ஒரு வாரம் காத்திருந்தவள் நான். ஆனால் காத்திருந்தது அது பொதுவானது என்பதால் இல்லை, அதற்கு ஆள் இல்லை என்பதால். ரிவியூ செய்ய யாருக்கும் கடமை இல்லாத ஃபைலை யார் ரிவியூ செய்வார்கள்?

போன கூட்டத்தில் ஒருவர் லெஃப்ட்-பேட் கதையைச் சொன்னார். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்தில் இருந்த லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் எடுத்துவிட, உலகம் முழுக்க பில்ட்கள் (நிரலைத் தொகுத்து ஓடத் தயாராக்கும் வேலை) உடைந்தன. எனவே ஒன்றைச் சார்ந்து பலர் இருப்பதே ஆபத்து என்றார். அங்கே சிக்கல் வெளியாள் ஒருவர் ஒரு நொடியில் எடுத்துவிடக்கூடிய இடத்தில் அந்த நிரல் இருந்ததுதான். நம் வரிக் கணக்கு நம் ரெப்போவில், நம் கண் முன்னால் இருக்கிறது. சொல்லப்போனால், பலர் நம்பியிருக்கும் ஒன்றை மாதக் கடைசியில் எடுத்துவிடப் போவது நீங்கள்தான்.

"எல்லாவற்றையும் பொதுவாக்கினால் மறுபடி 6,400 வரிதான்" என்பது மூன்றாவது வாதம். இதில் நான் உங்கள் பக்கம். விற்பனைப் பக்கத்தின் தள்ளுபடிக் கட்டமும் கொள்முதல் பக்கத்தின் தள்ளுபடிக் கட்டமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 2020-இல் நான்தான் இரண்டையும் ஒன்றாக்கினேன். ஆறு மாதத்தில் அதற்கு 9 ஆப்ஷன் வந்தது, "விற்பனை என்றால் இப்படி, கொள்முதல் என்றால் அப்படி" என்று உள்ளே முழுக்க 'இஃப்' நிபந்தனைகள். கடைக்காரர் தரும் தள்ளுபடியும் கடைக்காரர் வாங்கும் தள்ளுபடியும் வேறு வேறு காரணத்துக்காக மாறுகிறவை. அவை பிரிந்தே இருக்கட்டும். அந்தக் காப்பியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு பட்டியலில் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் மூன்று வரி ஃபங்ஷனையும் எத்தனை பேர் வேண்டுமானாலும் காப்பி எடுக்கட்டும்.

ஆனால் வரி அப்படியா? அரசு ஒரு அறிவிப்பு விட்டால் 14 பக்கத்திலும் ஒரே நாளில், ஒரே மாதிரி மாற வேண்டியது அது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவது, ஜிஎஸ்டி எண் சோதனை, ரவுண்டிங், இந்திய நேரத் தேதி எல்லாம் அந்த வகை. 1972-இலேயே கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் இதை எழுதிவிட்டார்: மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை, மற்றவர்களுக்கு அது தெரியவே வேண்டாம் என்று. வரி விகிதத்தைவிட மாறக்கூடிய முடிவு நம் தொழிலில் எது? பார்க்க ஒன்றுபோல இருக்கிறதா என்று கேட்டால் தள்ளுபடிக் கட்டத்தில் நான் விழுந்த குழியில் விழுவோம். ஒரே காரணத்துக்காக மாறுமா என்று கேட்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

அனுப்பும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கை சொல்லும் 'ஆபத்துகளில்' வேகம் பற்றிய பயமும் அடங்கும். ஒரு ஃபோல்டரில் சேர்த்து எழுதினால் அதை ஒரே தடியான ஃபைலாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற காலம் போய்விட்டது. 2017-இல் குரோமும் சஃபாரியும், 2018-இல் ஃபயர்பாக்ஸும் மாட்யூல்களை நேரடியாகவே புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. நிரல் ஃபைல்களைக் கட்டி பிரவுசருக்கு அனுப்பத் தயாராக்கும் வெப்பேக் என்ற கருவியை நாம் பயன்படுத்துகிறோம். பக்கத்துக்கு ஒரு தொடக்க ஃபைல் என்று 14 இருக்கிறது. வெப்பேக் இயல்பாகப் பொதுப் பகுதியைத் தனியாகப் பிரிப்பது, பிறகு தேவைப்படும்போது ஏற்றும் துண்டுகளுக்கு மட்டும்தான். தொடக்க ஃபைல்களை அது தொடாது. அவற்றிலும் பொதுப் பகுதியைப் பிரிக்க, வெப்பேக்கின் ஸ்பிளிட்சங்க்ஸ் அமைப்பில் 'ஆல்' என்று ஒரு சொல் எழுத வேண்டும். நாம் எழுதவில்லை. அதனால் பிரிண்ட் லைப்ரரியும் தேதி லைப்ரரியும் 14 ஃபைலுக்குள்ளும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கடைக்காரர் விற்பனையிலிருந்து ஸ்டாக்குக்குப் போனால் அதே லைப்ரரி மறுபடி இறங்குகிறது. சிக்னல் குறைவான ஊரில் கல்லாவுக்கு எதிரில் வாடிக்கையாளரை நிறுத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். நான் போயிருக்கிறேன்.

பிரித்துவிட்டால், லைப்ரரி ஒரு ஃபைல், வரிக் கணக்கு ஒரு சின்ன ஃபைல், பக்கத்துக்கு ஒரு ஃபைல். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷை, அதாவது கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டை, அதன் பெயரிலேயே ஒட்டிவிட்டால், ஒரு வருடத்துக்குக் கேஷில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பு) வைத்துக்கொள் என்று பிரவுசரிடம் தைரியமாகச் சொல்லலாம். உள்ளே ஒரு எழுத்து மாறினால் பெயரும் மாறும், புதியது இறங்கும், மாறாதது இறங்காது. மாட்யூல்களை ஏற்றி ஓட்டும் வெப்பேக்கின் ரன்டைமை ஒரே துண்டாக்குவதையும் மறக்கக் கூடாது. மெனுவுக்கு ஒரு தொடக்க ஃபைல், பக்கத்துக்கு ஒன்று என்று ஒரே பக்கத்தில் இரண்டை ஏற்றுகிறோமே, அங்கே லாகின் சோதனை இரண்டு முறை ஓடுவதற்கு ரன்டைம் தனித்தனியாக இருப்பதுதான் காரணம். பல தளங்களும் பகிர்ந்துகொள்ளும் பொது சிடிஎன் சர்வர்களிலிருந்து லைப்ரரியை எடுத்தால் வேறு தளத்தில் இறங்கியதே நமக்கும் உதவும் என்று ஒருவர் சொன்னார். 2020 அக்டோபரில் குரோம் 86 வந்ததிலிருந்து கேஷ் தளத்துக்குத் தளம் தனி. அந்த லாபம் இப்போது இல்லை.

எல்லைக் காவலும் பெரிய வேலை இல்லை. பக்கங்கள் பொது மாட்யூலைக் கூப்பிடலாம். பொது மாட்யூல் எந்தப் பக்கத்தையும் கூப்பிடக் கூடாது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் ஃபோல்டருக்குள் கை விடக் கூடாது. நிரலைப் படித்துத் தவறு காட்டும் இஎஸ்லிண்ட் கருவியில் இதற்கு விதி எழுதலாம். மீறினால் பில்ட் நிற்கும். தீபாவளி பாப்அப் அங்கே போய்ச் சேராது.

இனி நான் கேட்பவை.

மாதக் கடைசியில் காமன் ஃபோல்டரை நீக்கும் வேலையை நிறுத்துங்கள். இன்னும் 8 பக்கங்கள் லாகின் சோதனைக்கு அதைத்தான் நம்பியிருக்கின்றன. நீக்கினால் 8 காப்பி வரும், பாதுகாப்பு ஓட்டை ஒன்று வந்தால் 8 இடத்தில் தேட வேண்டும்.

வரி, தேதி, ரவுண்டிங், ஜிஎஸ்டி எண், நிதியாண்டு ஆகிய ஐந்தையும் தனித்தனிச் சின்ன மாட்யூலாக்க அனுமதி கொடுங்கள். 'காமன்' என்றோ 'யூட்டில்ஸ்' என்றோ பெயர் வேண்டாம். அந்தப் பெயர் வைத்தால் எல்லாம் அங்கே வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் வந்தால் ஒரு வேலை நாளுக்குள் பதில் சொல்வது அவர்கள் கடமை என்றும் எழுதுங்கள். அந்த நேரத்தை அவர்களின் ஸ்பிரின்ட் (சில வார வேலைத் திட்டம்) கணக்கில் சேருங்கள். சேர்க்காவிட்டால் இது பேப்பரில்தான் இருக்கும்.

வரி மாட்யூலுக்குள் விகிதத்தை அமல் தேதியோடு வையுங்கள். செப்டம்பர் 18 விற்பனை, செப்டம்பர் 24 திரும்பல் என்ற பில்லும், 22-ஆம் தேதி காலை 4:15 பில்லும், 1,25,000 ரூபாய் லெட்ஜரும் நிரந்தர டெஸ்ட் ஆகட்டும். மூன்றும் பாஸ் ஆகாமல் எந்தப் பக்கமும் ரிலீஸ் ஆகக் கூடாது.

வரப்போகும் 6 பக்கங்கள் முதல் நாளிலிருந்தே இவற்றைப் பயன்படுத்தட்டும். பழைய 14-ஐ ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தை எதற்காகத் திறந்தாலும் அப்போது அதன் காப்பியைக் கழற்றிவிட்டுப் பொது மாட்யூலைப் போடலாம். சரக்குத் திரும்பல் பக்கம் மட்டும் முதலில். அதை நானே செய்கிறேன்.

வெப்பேக் அமைப்பை மாற்ற எனக்கும், சர்வர், ரிலீஸ் வேலைகளைப் பார்க்கும் டெவ்ஆப்ஸில் ஒருவருக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு பக்கத்தின் அளவையும் அளந்து உங்கள் முன்னால் வைக்கிறேன். லாபம் இல்லையென்றால் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

வரி மாட்யூலை என் சொந்த நேரத்தில் எழுதி, அந்த மூன்று டெஸ்ட்டோடு ரெப்போவின் ஒரு தனிக் கிளையில் வைத்திருக்கிறேன். ஐந்து பேரில் யாராவது ஒருவர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அதைத் திறந்து படித்து, ஏற்க முடியாது என்றால் ஏன் என்று அங்கேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சரக்குத் திரும்பல் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள்